நரைத்த பம்பரும் கமலவேணி டீச்சரும்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவில் காலையில் யாரோ ரோஜாப்பூவும் பொன்மொழியும் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, "நமது கமலவேணி டீச்சர் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்" என்று ஒரே ஒரு வரி. அதற்கும் கீழே ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கூப்பிட்டுத் திட்டிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தேன். "கை தவறிப் பட்டுடுச்சும்மா" என்றார் பாவம். டீச்சர் மட்டும் இதைக் கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நன்னிலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை பார்த்த பள்ளியில் அவர் வேதியியல், நான் தமிழ். என்னைக் கடைசிவரை "தமிழம்மா" என்றுதான் கூப்பிட்டார். என் பெயர் அவருக்கு நினைவிருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். அவருடைய தாத்தா பண்ணையில் கூலிக்கு உழுதவர். அதை அவர் மறைத்ததும் இல்லை, சொல்லிச் சொல்லி உருகியதும் இல்லை. "எங்க தாத்தா ஓட்டினது ஏரு, நான் ஓட்டுறது காரு" என்பார். அவ்வளவுதான்.

அந்தக் கார் அவருடைய கணவர் வாங்கியது. அவர் இறந்தபிறகு ஆறு மாதம் ஷெட்டில் கிடந்தது. ஒருநாள் டீச்சர் ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய வயதில் எதற்கு என்று கேட்டேன். "பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தையெல்லாம் சேர்த்தா இன்னொரு டிகிரி வாங்கியிருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து முன்னால் இடது பக்க இருக்கை எனக்கு. பள்ளிக்கு, பிறகு ஓய்வு பெற்றபின் கல்யாணம், காதுகுத்து, துக்கம், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் சேர்ந்தே போனோம். எனக்கு ஓட்டத் தெரியாது. அந்தக் கார் எனக்கும் கால்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

கார் வெள்ளை. பம்பர், கதவுப் பட்டை, பக்கக் கண்ணாடியின் மூடி எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக். ஷெட் இடிந்தபிறகு வாசல் வெயிலிலேயே நின்று அந்தக் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. சென்னையில் இருக்கும் அவருடைய மகன் செழியன் ஒரு தடவை வந்தபோது அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டியும் நரைச்சுப்போச்சு, நீயும் நரைச்சுட்டே. பம்பரையே பார்த்துக்க முடியல, ரோட்டை எப்படிம்மா பார்ப்பே? தீபாவளிக்கு வரும்போது வித்துடலாம்." பிள்ளை அக்கறையில் சொன்னதுதான். ஆனால் டீச்சர் முகம் சுண்டிப்போனது.

மகன் கிளம்பிப் போனதும் டீச்சர், "தமிழம்மா, தீபாவளிக்குள்ள இது கறுக்கணும்" என்றார்.

மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன். "அவங்க பாலிஷ் போட்டதுலதான் இந்த வெள்ளைத் திட்டே வந்துச்சு. நாமளே பார்த்துக்கலாம்." சோதனைக்கூடத்தில் செய்வதுபோல, பின் பம்பரின் கீழ்ப்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டார். ஒன்றில் தேங்காய் எண்ணெய். ஒன்றில் செருப்பு பாலிஷ். ஒன்றில் வாசலின். ஒன்றில் கடையில் விற்கிற, பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்கும் மருந்து. ஒரு வாரம் வெயிலிலும் மழையிலும் விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? அன்று வெள்ளிக்கிழமை. நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். கையில் நல்லெண்ணெய் மீதி இருந்தது. பொம்பளைகளுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் என்றால் இந்த வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது என்று முன் பம்பர் முழுக்கத் தேய்த்துவிட்டேன். அடடா! அட்டைக் கறுப்பு. கல்யாணப் பெண் கூந்தல்போல மினுமினுத்தது. டீச்சர் வந்து பார்த்தார். "ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றார்.

குறுவை அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்பதால் பாதிச் சாலையில் காயப்போட்ட நெல்தான். மீதிப் பாதியில் பதரும் தூசியும் பறக்கிறது. போய்த் திரும்பி வந்து இறங்கிப் பார்த்தால் பம்பருக்குத் தாடி முளைத்திருந்தது. பதரும் வைக்கோல் துணுக்கும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, தேய்க்கத் தேய்க்க உள்ளே போனது.

"சீயக்காய் போட்டு அலசிடலாமா?" என்றேன் அசட்டுத்தனமாக.

டீச்சர் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியே போதும் தமிழம்மா. இதுக்குச் சாயம் போகலை. மேல்தோல் செத்துப்போச்சு. எண்ணெய் தடவினா அப்ப ஈரமாத் தெரியும், அவ்வளவுதான். கறுப்புன்னு நம்ம கண்ணு நம்பிடும்."

ஒரு வாரம் கழித்துக் கட்டங்களைப் பார்த்தோம். எண்ணெயும் வாசலினும் போன இடம் தெரியவில்லை. செருப்பு பாலிஷ் மழையில் வழிந்து கீழே கோடு போட்டிருந்தது. கடை மருந்து மட்டும் அப்படியே நின்றது. ஐப்பசி வெயில் தாழ்ந்தபிறகு, பிளாஸ்டிக் தொட்டால் சுடாத நேரமாகப் பார்த்து ஆரம்பித்தோம். சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துச் சொரசொரப்புக்குள் இருந்த அழுக்கை எடுத்தோம். காயவிட்டோம். மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்தோம். வெள்ளைப் பெயின்டில் படாதபடி ஓரத்தில் காகித டேப் ஒட்டினோம். பஞ்சில் அந்தக் கடை மருந்தை நாலு சொட்டு விட்டு மெல்லிசாகத் தடவி, கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுத்தோம். அவசரப்பட்டு அப்பினால் திட்டுத் திட்டாகப் போய்விடும் என்று என் கையில் இரண்டு தடவை அடித்தார்.

வேலை நடக்கும்போது அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "இந்த ஓரம் கறுத்துடுச்சா பாருங்க." "டேப்பு நேரா இருக்கா?" நேராக இல்லை. ஒரு பக்கம் கோணலாக ஓடியது. நான் பிரித்து ஒட்டினேன். "பரிசோதனைன்னா ரெண்டு பேர் கண்ணு வேணும்" என்றார். அதற்காகத்தான் கேட்கிறார் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அவர் கைப்பையில் தஞ்சாவூர் கண் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "கண்ணுல நீர் வடியுது" என்பார். இரண்டு தடவை வண்டி வீட்டு வாசல் கேட்டில் உரசியபோதும் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்குத்தான் வழி போதவில்லை என்று நானே தீர்ப்பும் சொன்னேன்.

தீபாவளிக்கு செழியன் வந்தார். பம்பரை விரலால் தடவிப் பார்த்து, "புதுசா மாத்திட்டியா?" என்றார். "பழசுதான்டா" என்றார் டீச்சர் பெருமையாக. செழியன் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. அம்மா ஒழுங்கா ஓட்டுறாங்களா?"

"நான்தானே தம்பி பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒரு குறையும் இல்ல" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். வண்டி தப்பித்தது.

மாசி மாதம். கூத்தாநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நல்ல மதிய வெயில். சாலையின் இடப்பக்கம் முழுக்க சம்பா நெல், ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். ஓர் அம்மா நெல்லைக் காலால் கிளறியபடி நடந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிகிறது. டீச்சருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். வேகம் குறையவே இல்லை. "டீச்சர்!" என்று நான் கத்திய கத்தலில் பிரேக் போட்டார். கல்லில் ஏறி, நெல்லுக்குள் இறங்கி, அந்த அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று அந்த அம்மா கத்தினார்.

நான் இறங்கிச் சண்டைக்குத் தயாரானேன். ரோட்டில் நெல்லைக் கொட்டினது யார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் டீச்சர் இறங்கி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமாம்மா. இந்தப் பக்கம் எனக்குக் கண்ணு தெரியல."

"தெரிஞ்சுதான் ஓட்டுறீங்களா?"

"தெரிஞ்சுதான்மா ஓட்டினேன். இன்னையோட சரி."

டீச்சர் பட்டுப்புடவையோடு குனிந்து, சக்கரம் சிதறிய நெல்லைக் கையால் கூட்டிக் கல்லுக்கு உள்ளே தள்ளினார். கூத்தாநல்லூரில் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவருக்கு என்னை போன் போடச் சொன்னார். அவர் வந்து வண்டியை வீட்டில் கொண்டுபோய் விட்டார். கண்ணில் அழுத்தம் ஏறி, பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் என்னிடம் சொன்னார். "உங்களை உக்கார வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேனே, நான்லாம் ஒரு மனுஷியா?" என்று அழுதார். நான் சொன்ன பொய்யை நினைத்து நானும் அழுதேன்.

மகனிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "நீ சொன்ன மாதிரியே வண்டியை நிறுத்திட்டேன்டா." ஏன் இப்படி என்றேன். "உண்மையைச் சொன்னா பயந்து போய் என்னைச் சென்னைக்குத் தூக்கிட்டுப் போயிடுவான். அம்மா தன் பேச்சைக் கேட்டாங்கன்னு அவனும் சந்தோஷப்படட்டும்." இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

துக்க வீட்டில் செழியன் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "நான்தான் டீச்சர் அவங்க காலை ஒடிச்சேன். நான் சொல்லலைன்னா கடைசி வரைக்கும் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்க விட்டுட்டேனே." சுற்றிலும் சொந்தக்காரர்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி, அந்தச் சாவியை நீங்கள் பிடுங்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் உயிருக்காக, நட்டநடு வெயிலில், உங்கள் அம்மா தானாகவே கீழே வைத்தார். பொய் சொன்னது நான். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் முடங்கிப்போய்விடவில்லை. வாரத்துக்கு இரண்டு பஸ் பயணமாவது உண்டு. கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை, பக்கத்து சீட்டுப் பிள்ளைகளிடம் தனிம அட்டவணை. ஏறும்போதே என்னை முழங்கையால் இடித்துக்கொண்டு போய் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துவிடுவார். கண் தெரியாத உங்களுக்கு எதற்கு ஜன்னல் என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "காத்து வருதுல்ல?" என்றார்.

போய் வாருங்கள் டீச்சர். நேற்று மயிலாடுதுறை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காலியாகத்தான் இருந்தது. நான் இந்தப் பக்கமே உட்கார்ந்து வந்தேன்.