தபீதாள் அக்காவின் சாவு வீட்டு டீ

பொழிச்சலூரில் எங்கள் தெருவில் யார் செத்தாலும் முதலில் வருவது தபீதாள் அக்காவின் டீதான். பிணம் எடுக்கும்வரை சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பம்மலில் தோல் கையுறை தைக்கும் வேலைக்கு அன்று லீவு போட்டுவிட்டு, அக்கா பெரிய தூக்கில் இஞ்சி டீயோடு வந்து நிற்பார். யாரோடு என்ன சண்டை என்று பார்க்க மாட்டார். காபி மட்டும் கொண்டுவர மாட்டார்.

காரணம், காபி தவிர எதையும் குடிக்காத எதிர்வீட்டு ஜீவானந்தம் சார் என்றுதான் தெருவில் பேச்சு. ஏழு வருடத்துக்கு முன் அக்காவின் கணவர் சவுரிமுத்து இறந்தபோது, அடக்கம் முடிந்த மறுநாள் சார் துக்கம் கேட்க வந்தார். அக்கா கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினார். "சாவு வீடுன்னா கழுநீரைக் குடிக்கணுமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சார் வீட்டு வாசலை அக்கா மிதிக்கவில்லை.

போன மாதம் ஒரு விடியற்காலையில் ஜீவானந்தம் சார் தூக்கத்திலேயே போய்விட்டார். தெருவே அக்காவின் கதவைப் பார்த்தது. எட்டு மணிக்கு அக்கா தூக்கோடு வெளியே வந்தார்.

"அந்தாளுக்கோசரம் இல்ல," என்றார் என் அம்மாவிடம். "என் டீ போவாத சாவு இந்தத் தெருவுல இருக்கக் கூடாது."

சாரின் மனைவி ஞானஜோதி டீச்சர் தம்ளரைத் தொடவில்லை.

"எங்க வீட்டுக்குள்ள டீ வந்ததே இல்ல, தபீதா."

"இப்ப வந்துக்கீது, டீச்சர்."

"எடுத்துட்டுப் போ."

"சாவு வூடு டீச்சர் இது. ஓட்டல் இல்ல."

டீச்சருக்குச் சர்க்கரை வியாதி. முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. தலை சுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்துகொண்டார். மகள் ஜெரூஷா உள்ளே ஓடிப்போய் காபி பில்டரை எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினாள்.

"அப்பா நேத்து படுக்கறதுக்கு முன்னாடி போட்ட டிகாக்‌ஷன். உங்க வீட்ல பால் காய்ச்சிக் கலந்து தாங்கக்கா. அம்மா வேற எதையும் குடிக்க மாட்டாங்க."

அக்கா தூக்கைக் கீழே வைத்தார். பில்டரை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

பத்து நிமிடத்தில் தம்ளர் வந்தது. ஒரு வாய் குடித்ததும் டீச்சரின் முகம் கசப்பில் சுளித்தது.

"பாலோட சேர்த்துக் கொதிக்க வெச்சியா?"

"ஆமா."

"மொத்த டிகாக்‌ஷனையுமா?"

"ஆமா."

"அது அவர் கையால போட்ட கடைசி டிகாக்‌ஷன்." டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "பொணத்தை வெச்சுக்கிட்டுப் பழி தீர்த்துட்ட, இல்ல?"

டீச்சர் அந்தக் கசப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்து முடிக்கும்வரை அக்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இனிமே என் வாசலுக்கு வராதே."

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். அவர் வாழ்நாளில் காபி போட்டதே இல்லையாம்; டிகாக்‌ஷன் கொதித்தால் கசந்துவிடும் என்பதும் தெரியாதாம். "மூணு பொங்கு வுட்டு எறக்கினேன். டீன்னா அப்பதான் நல்லா வரும். இஞ்சி கூடப் போடல, அந்தம்மாவுக்கு ஆவாதுன்னு."

"இதை டீச்சர்கிட்ட சொல்லிடுங்கக்கா."

"எதை? தபீதாவுக்கு ஒரு காபி போடத் தெரியாதுன்னா? வேணும்னே செஞ்சதாவே நெனச்சிக்கட்டும்."

கழுவிக் கவிழ்த்த பில்டர் இன்னும் அக்கா வீட்டு ஜன்னலில்தான் இருக்கிறது. எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். டீச்சர் கேட்டனுப்பவில்லை, அக்கா கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.