நைனாவின் ஊறல் காப்பி

பச்சைத் தண்ணீரில் விடிய விடிய ஊறிய காப்பித்தூளுக்கு ஒரு மணம் உண்டு. கொதிநீர் பட்டதும் வீடு முழுக்கக் கமழ்கிற மணமல்ல அது. சட்டியின் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும், நனைந்த மரக்கட்டையின் வாசனைபோல மெல்ல ஏறும். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் கோடை முழுவதும், மர்பி டவுனில் எங்கள் வீட்டில் எனக்கு அந்த மணத்தில்தான் பொழுது விடிந்தது.

என் தகப்பனாரை நாங்கள் நைனா என்போம். "தண்டு" என்று எங்கள் தெருவார் சொல்லும் கண்டோன்மெண்டில், ஒரு ராணுவ மெஸ்ஸில் அவர் பட்லராக இருந்தார். வெயில் நாட்களில் அங்கே சில துரைமார்களுக்குக் காப்பித்தூளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் வடிகட்டிக் கொடுப்பார்கள் என்று அவர் சொல்லும்போது, அடுப்பில்லாமல் ஒரு காப்பியா என்று நாங்கள் சிரிப்போம். அந்த வருஷம் அவருக்குத் தொண்டையில் வலி கண்டது. முதலில் சோறு இறங்க மறுத்தது. பிறகு சூடாக எது பட்டாலும் கண்ணில் நீர் முட்டியது.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு நானும் போனேன். எனக்கு அப்போது பத்து வயது. புற்று, முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். "எது இறங்குதோ அதைக் குடும்மா" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். திரும்பி வரும் வழியில் நைனா ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்காகிட்ட சொல்லாதே, ஞானம். புருசனையும் புள்ளையையும் மண்ணுல வச்சவ. இதைத் தாங்க மாட்டா."

அம்மா சரியென்று தலையசைத்து, "நீயும் வாயைத் திறக்கக்கூடாது" என்றாள் என்னிடம்.

அக்கா என்று நைனா சொன்னது எங்கள் ரோசம்மா அத்தையை. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். விதவையான பிறகு எங்களோடு இருந்தாள்.

மறுநாள் நைனாவே அந்தக் குளிர்ந்த காப்பியைக் கேட்டார். அம்மா கொட்டையை வறுத்துத் தர, நான் சிற்றுரலில் இடிப்பேன். மாவாகிவிடாமல் ரவைபோல இருக்கவேண்டும். பொழுது சாயும்போது மண்சட்டியில் நீர் வார்த்துத் தூளைப் போட்டு, துணியால் வாய் கட்டி, ஈரமணலின்மேல் அம்மா வைப்பாள். காலையில் பழைய மல் வேட்டித்துணியில் இரண்டு முறை வடித்து, கொஞ்சம் வெல்லக் கரைசலும் ஒரு கரண்டி பாலும் சேர்ப்பாள். நைனா அதைக் கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வைத்திருந்து வைத்திருந்து விழுங்குவார். "எரியலே" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா டம்ளர் காலியாகும்வரை அவர் பக்கத்திலேயே நிற்பாள்.

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. கள்ளச்சாராயத்துக்குப் போடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் "ஊறல்" என்பார்கள். "வீட்டுல ஊறல் போடுறா" என்று அவள் குழாயடியில் சொல்லிவிட்டு வந்தாள். "நோயாளிக்குப் பச்சைத் தண்ணி குடுத்தா சளி கட்டாதா? சூடா கஞ்சி குடிச்சா தொண்டை தானா திறக்கும்" என்று நாள் தவறாமல் சண்டை பிடித்தாள். ஒரு காலை, நாங்கள் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, ஆவி பறக்கக் கஞ்சி வைத்துத் தம்பிக்குத் தன் கையால் ஊட்டினாள். நைனா மறுக்கவில்லை. நாங்கள் வந்தபோது அவர் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார், துண்டில் ரத்தம். அத்தை கஞ்சிக் கிண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே, "பார்த்தியா, குளிர்ச்சி உள்ளே புண்ணாக்கிடுச்சு" என்றாள்.

அம்மா துண்டை அலசிப்போட்டாள். அன்று மாலை மறுபடியும் தூளை ஊறவைத்தாள்.

"அண்ணி, இந்தச் சட்டியில மட்டும் கை வைக்காதீங்க."

அத்தையை எதிர்த்து அம்மா பேசியது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு அத்தை எங்கள் அடுப்பில் சாப்பிடவில்லை. தனக்கென்று தனியாகப் பொங்கிக்கொண்டாள்.

மழை தொடங்கிய வாரம் ஒரு காலையில், அம்மா வாயில் விட்ட காப்பி நைனாவின் கடைவாய் வழியே அப்படியே வழிந்தது. பூசை மணி அடிப்பதற்குள் போய்விட்டார். சவப்பெட்டியைச் சுற்றித் தெருவே நின்றிருந்தபோது அத்தை மார்பில் அறைந்துகொண்டு, "பச்சைத் தண்ணியைக் குடுத்தே என் தம்பியைச் சாகடிச்சுட்டா" என்றாள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். என் மணிக்கட்டை அம்மா வலிக்கும்படி அழுத்தினாள்.

"அவர் கேட்டார். கொடுத்தேன்" என்றாள்.

பிறகு நாங்கள் ஆனேக்கலில் மாமா வீட்டுக்குப் போய்விட்டோம். நைனா வழிச் சொந்தக்காரர்கள் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "வேணாம்னு அவர் சொன்னது, அவர் செத்துட்டா மாறிடுமா?" என்றாள் அம்மா. சில வருஷம் கழித்து அத்தை இறந்தாள், தம்பியைக் கொன்றது அந்தப் பச்சைத் தண்ணிதான் என்று கடைசிவரை நம்பிக்கொண்டு. அம்மா போய்க் குழியில் ஒரு பிடி மண் போட்டாள். யாரும் அவளோடு பேசவில்லை. கடைசி பஸ்ஸுக்குத் திரும்பி வந்து குளித்துவிட்டுப் படுத்தாள்.

அம்மாவும் போய் வெகுகாலமாகிறது. மர்பி டவுனில் எங்கள் வரிசை வீடுகளை இடித்து மாடி மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். போன மாதம் அந்த வழியாகப் போனபோது நைனாவின் பெயரைச் சொல்லி விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. அம்மாவைத் தூற்றியவர்களும் இல்லை, அவளுக்காகப் பேசக்கூடியவர்களும் இல்லை. நைனா அந்தக் காப்பியைக் கேட்டு வாங்கித்தான் குடித்தார் என்பதைக் கண்ணால் பார்த்தவள் இப்போது நான் ஒருத்திதான்.