கவரைப்பேட்டையில் கருடனுக்குக் காத்திருந்த காலை

கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேல் கருடன் வட்டமிட்ட பிறகுதான் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருமுறையும் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் நிற்பவர் எப்போதும் உயரமாக அமைந்துவிடுவார். முன்பு கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் என்னோடு வேலை பார்த்த முருகேசன், தன் காலனி அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிட்டதும் இந்தத் தை மாதம் கிளம்பிவிட்டேன். கோயில் கமிட்டித் தலைவர் அவர்தான்.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய். கவரைப்பேட்டைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"கருடன் பாக்க வந்தியாக்கா? தெனம் கோயிலாண்டதான் சுத்திக்கினு இருக்கும்," என்றார் ஆட்டோக்காரர். "ஒரு வாரமா காணோம். பேஜாராக்கீது."

கோயில் வாசல் கழுவிப் பளிச்சென்று இருந்தது. எதிரே புளியமரத்தடியில் மீன் விற்கும் செல்வியக்காவை, சுத்தபத்தம் என்று சொல்லி ஒரு வாரம் முன்பே ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டார்களாம். "இனிமே இங்க மீன்கடையே வேணாம்னு முடிவு பண்ட்டோம்," என்றார் முருகேசன். அவரும் அங்கேதான் வாரா வாரம் மீன் வாங்கியிருக்கிறார். எனக்கு அந்த அக்காவை நினைத்து வருத்தமாக இருந்தது.

நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. பத்து மணிக்கே குருக்கள் புனித நீர்க் குடத்தோடு கோபுரத்தில் ஏறிவிட்டார். எல்லோரும் அண்ணாந்து நின்றோம். ஒரு கரும்பருந்து வந்தது. பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "யோவ், அது வேற. நம்மாளுக்குத் தல வெள்ளையா இருக்கும்," என்று யாரோ சொன்னதும் கைகள் இறங்கின.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. இந்தக் கோயிலை எழுப்ப இரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவர் முருகேசன். "இன்னா கொற வச்சோம்?" என்று அவர் குரல் உடைந்தபோது பார்க்கவே பாவமாக இருந்தது.

"தோ பாரு, ஏரியாண்ட!" என்று கத்தினார், கூட்டத்தோடு நின்றிருந்த ஆட்டோக்காரர்.

செங்கல் நிற இறக்கை, வெள்ளைத் தலை. இரண்டு கருடன்கள்! கீழே செல்வியக்கா மீன் கழுவிக் குடலை வீச வீச, அவை இறங்கிக் கவ்விக்கொண்டு போயின. இத்தனை நாளும் கோயில் வாசலில் நடந்தது இதுதான். முருகேசனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நானும் ஏறிக்கொண்டேன்.

"செல்வி, புளியமரத்தாண்ட வாம்மா, சீக்கிரம்!"

செல்வியக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இன்னிக்கு மட்டுமாண்ணா, தெனமுமா?"

முருகேசன் தலைகுனிந்து நின்றார். "தெனமும்தாம்மா. தப்புதான், வா."

மீன் கூடை புளியமரத்தடியில் இறங்கியது. சிலர் முகம் சுளித்தார்கள்; குருக்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முதல் கை குடல் விழுந்ததும் நிழல் ஒன்று கோபுரத்தின் மேல் ஓடியது. "கருடா!" என்று ஊரே கத்த, தண்ணீர் கொட்டியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கருடன் பெருமாளின் வாகனம்தான், அதில் சந்தேகமில்லை. அதற்கும் வயிறு இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: விசேஷ நாள் வரை காத்திருக்க வேண்டாம். பத்து மணிவாக்கில் மீன் கழுவும்போது போனால் போதும். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் அம்மன் கோயில் என்றால், எந்த அம்மன் கோயில் என்று கேட்பார்கள். செல்வியக்கா மீன்கடை என்று சொல்லுங்கள். கோயில் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள்.