திண்டிவனத்தில் வெளியே போன பந்து

காலை ஒன்பதரை மணிக்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் சென்னை வண்டியில் ஏறினோம். திண்டிவனத்துக்கு ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்; நான்குவழிச் சாலை வந்த பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. 2013 ஜனவரி, காணும் பொங்கலுக்கு மறுநாள். ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பைகளில் கரும்புத் துண்டும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பிதுங்கின. எங்கள் மூவரிடமும் பை கிடையாது. நாங்கள் போனது ஒரு சால்வைக்காக.

சால்வை ஏழுமலை அண்ணனுக்கு. வளவனூர் சாலையில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார், வயது முப்பத்தெட்டு. 1994-இல் எங்கள் தெரு கால்பந்து அணிக்கு முன்வரிசையில் ஆடியவர். கூட வந்த பாஸ்கர் என் தெருக்காரன், செல்போன் கடை நடத்துகிறான். அவனுடைய மேல்வரிசை முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். நான் சென்னையில் பத்திரிகை வேலையில் இருக்கிறேன், பண்டிகைக்கு வந்திருந்தேன்.

முந்தின நாள் மாலை பாஸ்கரின் போனுக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு படம் வந்தது. அங்கே பொங்கலுக்கு நடக்கும் கால்பந்துப் போட்டியின் ஃப்ளெக்ஸ். பழைய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிறார்கள். மூன்றாவது பெயர் ஏழுமலை. பெயருக்குக் கீழே ஒரு வரி: ‘வெளியே சென்ற பந்தைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்ட வீரர்.’

பாஸ்கர் போனை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு ஓடினான். நானும் போனேன். அண்ணன் வரியை இரண்டு முறை படித்தார். “நாளைக்கிப் போலாம்” என்றார்.

“இத்தப் படிச்சப்புறமுமா?”

“கூப்ட்டிருக்காங்க இல்ல? வேட்டி தொவச்சி வச்சிருக்கேன்.”

உள்ளிருந்து அவர் மனைவி மல்லிகா குரல் கொடுத்தார். “போய்ட்டு வா. ஆனா அந்தச் சால்வையப் போத்திக்கினு வந்தே, அப்பிடியே பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக்க. இங்க வராத.”

அண்ணன் சிரிக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே நின்று அவர் சால்வை வாங்குவாரா, மாட்டாரா? இரவு முழுக்க எனக்கும் பாஸ்கருக்கும் இதே பேச்சு. வாங்கினால் அந்த வரியை அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

முண்டியம்பாக்கத்தில் கரும்பு லாரிகள் வரிசை கட்டி நின்றன. வெல்லப்பாகு வாடை ஜன்னல் வழியே வந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இதே போட்டிக்கு இதே சாலையில் மல்லாட்டை மூட்டை ஏற்றும் லாரி ஒன்றில் போனோம். அணியும் ஆதரவாளர்களும் ஒரே லாரி. பையன்களுக்கு டிக்கெட் இல்லை, உட்கார இடமும் இல்லை.

அன்றைய வழக்கத்தைச் சொல்லவேண்டும். அந்தப் போட்டிக்குக் கோல்வலை வாங்கமாட்டார்கள். மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து, கடலுக்கு உதவாத பழைய மீன்வலையை இரவல் வாங்கிவந்து கம்பத்தில் கட்டுவார்கள். நடுவில் எப்போதும் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அது எல்லோருக்கும் தெரியும். அதனால் வலைக்குப் பின்னால் பையன்களை உட்கார வைப்பார்கள். ஓட்டை வழியாக வரும் பந்தைப் பிடிக்கிறவன், ஒரு தடவை மைதானத்துக்குள் உதைத்து அனுப்பலாம். பந்தை அப்படி ஒரு தடவை உதைக்கும் பாக்கியத்துக்காக, ஓட்டைக்கு நேர் பின்னால் உட்கார அடிதடி நடக்கும். 1994 இறுதி ஆட்டத்தில் அந்த இடம் பாஸ்கருக்குக் கிடைத்தது. நான் அவனுக்கு இடப்பக்கம். எங்களுக்கு வயது பத்து.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடது ஓரத்திலிருந்து பந்தை எடுத்துவந்த ஏழுமலை அண்ணன் ஒருவனை ஏமாற்றிவிட்டு அடித்தார். கோல்கீப்பர் பாய்ந்தார், விரல்கூடப் படவில்லை. பந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. கம்பங்களுக்கு நடுவே நுழைந்து, ஓட்டை வழியாகப் பாய்ந்து, பாஸ்கரின் வாயில் அடித்தது. உடைந்த பல் துண்டு மண்ணில் விழுந்ததை நான் பார்த்தேன். அவன் அழாமல் “கோலு! கோலு!” என்று ரத்தத்தோடு கத்தினான்.

வலையில் பந்து இல்லை என்பதால், வெளியே போய்விட்டது என்றார் நடுவர். மைதானத்தின் நடுவில் நின்றிருந்தவர் அவர். அண்ணன் போய்க் கேட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்த, போட்டி நடத்தும் குழுக்காரர் ஒருவர், “காலனிக்காரனுக்கு இவ்ளோ திமிரா?” என்றார். அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், சிவப்பு அட்டை. அவர் இல்லாமல் பெனால்டியில் தோற்றோம். வேலை கொடுத்து ஆட்டக்காரர்களை எடுக்க வந்திருந்த ஓர் ஆலை அணிக்காரர், திண்டிவனம் கோல்கீப்பரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார். ஏழுமலைக்கு மூன்று ஆண்டு அந்த மைதானத்தில் தடை. அதற்குள் அவர் வெல்டிங் கற்றுக்கொண்டுவிட்டார்.

பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டார் என்று எழுதியிருப்பது இதைத்தான்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் பாஸ்கர் குரலை உயர்த்தி மறுபடி ஆரம்பித்தான். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநர் நின்றுவிட்டார்.

“எந்த மேட்சு? தொண்ணூத்தி நாலு ஃபைனலா? நானும் இருந்தேனே. எனக்குக் கிளியனூரு. கெழக்கால கயித்துகிட்ட நின்னுகினு இருந்தேன். பாலு வெளியதாம்பா போச்சு.”

“எத்தினி வயசு உங்களுக்கு அப்ப?”

“ஏழாவது படிச்சிக்கினு இருந்தேன்.”

பாஸ்கர் வாயைத் திறந்து காட்டினான். “ஓட்டைக்கு நேர் பின்னால ஒக்காந்திருந்தேன். வெளிய போன பாலு இத்த எப்பிடி ஒடச்சிது?”

நடத்துநர் குனிந்து பார்த்தார். “நீ வெளிய ஒக்காந்திருப்ப.”

பேருந்தே சிரித்தது. கரும்புக்காரர் ஒருவர், “பல்லக் கட்டிக்கப்பா, இப்பல்லாம் நல்லா பண்றாங்க” என்றார்.

“கட்டிட்டா எங்கிட்ட இன்னா இருக்கும்?” என்றான் பாஸ்கர். அவன் குரலில் விளையாட்டு இல்லை. இரண்டு பல் மருத்துவர்களிடம் இதையே சொல்லியிருக்கிறான்.

நடத்துநர் விடவில்லை. “அடிச்ச ஆளக் கேட்டா அவரே ஒத்துக்குவாரு. பேரு இன்னாவோ... ஏழுமல.”

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கையை நீட்டினார். “மீதி எட்டு ரூபா குடுங்க” என்றார்.

அந்த மைதானத்தைச் சுற்றி அன்று நின்ற பையன்கள் இன்று நடத்துநர்களாகவும் கடைக்காரர்களாகவும் இருக்கிறார்கள். கிழக்கே நின்றவர்களுக்குப் பந்து வெளியே போனது. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு உள்ளே போனது. கிழக்கே நின்றவர்கள் அதிகம். கயிறு கட்டி, நாற்காலி போட்டிருந்ததும் அங்கேதான்.

பத்தே காலுக்குத் திண்டிவனம் மேம்பாலத்துக்கருகில் இறக்கிவிட்டார்கள். தேநீர் ஏழு ரூபாய், விழுப்புரத்தைவிட ஒரு ரூபாய் கூடுதல். மைதானத்துக்கு நடந்தே போனோம். வாசலில் அந்த ஃப்ளெக்ஸ், போனில் பார்த்ததைவிடப் பெரியது. அண்ணனின் படம் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பெயரும் அந்த வரியும் மட்டும் இருந்தன. குழுத் தலைவர் தனசேகரின் படம் ஆள் உயரம்.

தனசேகர்தான் அன்றைய கோல்கீப்பர். ஆலை வேலையைச் சில ஆண்டுகள் பார்த்துவிட்டு, ஊரில் இரும்புக் கடை போட்டிருக்கிறார். வெள்ளை வேட்டி சட்டையில் வந்து அண்ணனின் தோளில் கை போட்டார்.

“வா ஏழுமல. எளச்சிப் போய்ட்டியே!”

“நல்லா இருக்கீங்களா?” என்றார் அண்ணன்.

இருவருக்கும் ஒரே வயது. ஒருவருக்கு ‘வா’, மற்றவருக்கு ‘இருக்கீங்களா’. அன்றும் அப்படித்தான், லாரியிலிருந்து இறங்கும்போதே கேட்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பாஸ்கர் இடையில் புகுந்தான். “சார், நீங்கதான் கீப்பரு. பாலு உங்களத் தாண்டி எங்க போச்சி? அத மட்டும் சொல்லுங்க.”

தனசேகர் அவனைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “அந்தப் பல்லுப் பையனா நீ? நண்டு மாதிரி இருந்தியேடா!”

“எங்க போச்சி சார்?”

“பழசையே கிளறிக்கினு இருந்தா ரெண்டு ஊரும் எப்ப ஒண்ணாவுறது? கூப்ட்டு, மாலை போட்டு, சால்வ போத்துறோம். அதுக்கு மேல இன்னா பேஜாரு?”

உள்ளே போனது என்றோ வெளியே போனது என்றோ அவர் சொல்லவில்லை. பதில் தெரியாதவர்கள் இப்படிப் பேசுவதில்லை. நான் பேட்டி எடுத்துப் பழகியவன். இந்த வகைப் பதிலை ஆட்சியர் அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன், கட்சி அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன்.

“அந்த வரிய எடுத்துட்டுக் கூப்பிட்டிருக்கலாமே” என்றேன்.

“அது மரியாதையா எழுதுனது தம்பி. தோத்தவன் தோத்தான்னு போட முடியுமா?”

பதினொரு மணிக்கு விழா தொடங்கியது. இப்போது கோலுக்கு நல்ல வலை, நீல நிற நைலான், ஓட்டை இல்லை. பின்னால் பையன்களும் இல்லை. சால்வைக்கு முன்பு ஒரு வேடிக்கை வைத்திருந்தார்கள்: பழைய கீப்பர் கம்பங்களுக்கு நடுவே நிற்பார், பழைய ஆட்டக்காரர் ஒரே ஒரு பந்து அடிப்பார், படம் எடுத்துக்கொள்வார்கள். அறிவிப்பாளர் ஃப்ளெக்ஸிலிருந்த வரியை மைக்கில் நிதானமாகப் படித்தார். கைதட்டினார்கள். பாஸ்கரின் கை என் முழங்கையை இறுக்கியது.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். தனசேகர் வேட்டியோடு கோலில் நின்று, கைகளை விரித்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தெட்டு வயது, பட்டறையில் நின்று நின்று வீங்கிய கால். ஆனாலும் அண்ணன் பந்தை வைத்த விதத்தில் பழைய அளவு இருந்தது. பின்னால் வந்தார். ஓடினார். அடித்தார்.

பந்து கம்பத்துக்குச் சரியாக ஒரு கை தள்ளி, தரையை ஒட்டிச் சீறிப்போய், ஐஸ் வண்டிக்கு அடியில் நின்றது. கூட்டம் ‘ஓ’ என்று சிரித்தது. அறிவிப்பாளரும் சிரித்தார். பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணன் நேராக அறிவிப்பாளரிடம் நடந்துபோய் மைக்கை வாங்கினார்.

“எல்லாரும் பாத்துக்கினீங்களா? இதாங்க வெளிய போன பாலு. வெளிய அடிக்கணும்னா எனக்கு இப்பிடி அடிக்கத் தெரியும். அன்னிக்கி நான் வெளிய அடிக்கல. உள்ள அடிச்சேன், உள்ள போச்சி.” சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கோல் பக்கம் திரும்பினார். “இன்னா தனசேகரு, போச்சா இல்லியா? நீ சொல்லு.”

‘நீங்க’ இல்லை. தனசேகரின் விரிந்த கைகள் விரிந்தபடியே இருந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்று பாஸ்கர் சொல்கிறான். நான் அதைப் பார்க்கவில்லை. அதற்குள் யாரோ மைக்கை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். சால்வை தட்டிலேயே இருந்தது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை, யாரும் வழியனுப்பவும் இல்லை. வாசலில், காலையில் பார்த்த நடத்துநர் வயதுள்ள ஒருவர் அண்ணனின் கையைப் பிடித்து, “நானும் கோலுக்குப் பின்னாடிதாங்க ஒக்காந்திருந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில் கூட்டம். கூட்டேரிப்பட்டு வரை நின்றுகொண்டே வந்தோம்.

“சுளுவா உள்ளயே அடிச்சிருக்கலாமே அண்ணே. கீப்பருக்குத் தொந்தி வேற” என்றான் பாஸ்கர்.

“உள்ள ஒருவாட்டி அடிச்சாச்சி. எத்தினிவாட்டி அடிக்கிறது?” என்றார் அண்ணன்.

பட்டறை வாசலில் மல்லிகா நின்றிருந்தார். முதலில் அண்ணனின் தோளைப் பார்த்தார்.

“எங்க சால்வ?”

“வாங்கல.”

“அப்ப கால கழுவிக்கினு உள்ள வா. சோறு ஆறுது.”

இத்தோடு முடித்திருப்பேன். மறுநாள் காலை விழுப்புரம் ரயிலடியில் ஒரு நாளிதழை வாங்கினேன். உள்பக்கத்தில் திண்டிவனம் விழா, ஒற்றைப் பத்தி. தனசேகர் கைகளை விரித்து நிற்கும் படம். கடைசி வாக்கியம்: ‘விழுப்புரம் ஏழுமலை அடித்த பந்து இம்முறையும் வெளியே சென்றதால் சிரிப்பலை எழுந்தது.’

‘இம்முறையும்.’ எழுதியவர் அங்கே இருந்தாரா என்று தெரியாது. இருந்திருந்தால் கிழக்குப் பக்கம், நாற்காலியில். இந்தத் தொழிலில் எங்களுக்கு எப்போதும் அங்கேதான் இடம் போடுகிறார்கள். பாஸ்கர் பத்தியைப் படித்துவிட்டு, வாயைத் திறந்து எனக்குக் காட்டினான். அவன் கடையில் நின்றபடியே இதை எழுதத் தொடங்கினேன். 1994-இல் திண்டிவனத்தில் கடைசி நிமிடத்தில் ஏழுமலை அடித்த பந்து உள்ளே போனது. நான் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.