மாமனாரின் பச்சை முகம்

எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஓவிய ஆசிரியை தன் வீட்டில் நடத்திய ஞாயிறு வகுப்புக்கு ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போய் ஆயில் பெயிண்டிங் பழகினேன். என் வீட்டுக்காரர் அதைத் தையல் வகுப்பு என்றே ஊரில் சொல்லி வைத்திருந்தார். மனைவி படம் வரைகிறாள் என்பதைவிட ஜாக்கெட் தைக்கிறாள் என்பது குடும்பத்துக்குக் கௌரவம்.

பழமும் குடமும் வரைந்து தேறியதும், ஆளை எதிரே உட்காரவைத்து வரையச் சொன்னார் ஆசிரியை. எங்கள் வீட்டில் அசையாமல் உட்காரக்கூடியவர் மாமனார்தான். பஞ்சு வியாபாரத்தை மகனிடம் விட்டபின் அதில்தான் அவருக்கு முழுநேரப் பயிற்சி. ஆனால் படத்துக்கு என்றதும் அவருக்கு முதுகு அரித்தது, கால் மரத்தது, யோசனைகளும் பிறந்தன.

"மூக்கைச் செத்த சின்னதாப் போடு, தாயி."

"உள்ளதைத்தான் மாமா போடணும்."

"உள்ளது எனக்குத் தெரியாதா? அதை எதுக்கு ஊருக்குக் காட்டணும்?"

முகத்தின் நிழல் பகுதியில் முதலில் பச்சை பூசிக் காயவிட்டு, மேலே சிவப்பும் மஞ்சளும் மெல்லிசாக ஏற்றினால்தான் சதைக்கு உயிர் வரும் என்பது பாடம். அது காய நாள்கணக்கில் ஆகும். அதுவரை, பாம்பு கடித்தவர்போலப் படத்து மாமனார் கூடத்தில் சுவரோரம் சாய்ந்திருந்தார். மாமியார் அந்தப் பக்கம் விளக்குமாற்றைக்கூடக் கொண்டுபோகவில்லை.

அந்த வாரம்தான் மம்சாபுரத்திலிருந்து மாமனாரின் தங்கை வரவேண்டுமா? எங்கள் பக்கம் ஒருவர் ஆயில் பெயிண்டிங்காகக் கூடத்துக்கு வந்துவிட்டால், ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். வாசலிலேயே படத்தைப் பார்த்தவர், "எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே, பாவிகளா!" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குளித்துக்கொண்டிருந்த மாமனார் ஈரத்துண்டோடு ஓடிவந்தார்.

"ஏட்டி, யாரு போயிட்டா?"

அவரைக் கண்டதும் அழுகை அலறலாயிற்று. கையைத் தொட்டு, கிள்ளி, ஒரு காப்பியும் குடித்த பிறகே அந்த அம்மாள் நம்பினார்.

"அப்படியே நீ படுத்துக் கிடக்க மாதிரியே இருந்துச்சுண்ணே" என்றார்.

என் ஓவியத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். ஆசிரியைகூட அப்படிச் சொன்னதில்லை.

படத்தை அடுப்பில் வைக்கச் சொல்வார் என்று பயந்திருந்தேன். மாமனாரோ, பச்சை காய்ந்த அன்றே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தானாக வந்து உட்கார்ந்தார்.

"சீக்கிரம் செவப்பை ஏத்து. இன்னும் ரெண்டு தங்கச்சி இருக்காளுக."

அப்புறம் படம் முடிந்து சுவரில் ஏறியது. அதில் அவருக்குப் பெருமைதான். ஆனாலும் வாசலில் யார் தலை தெரிந்தாலும், முந்திக்கொண்டு போய் அதற்குக் கீழே நின்று, தேவையே இல்லாமல் இரண்டு முறை கனைப்பார்.