லோங்காங் அடைத்தால் கூப்பிடுகிற ஆள்

நகராண்மைக் கழகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு மழை வந்தால் குளிர் தெரியாது. போன் சத்தம்தான் தெரியும். லோங்காங், அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டது என்று கூப்பிடுவார்கள். மலேசியாவில் கெடா மாநிலக் கடலோரத்தில் எங்கள் ஊர் ஓட்டமாக வளர்கிறது. ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது தாமான், வரிசை வரிசையாகக் குடியிருப்பு வீடுகள். நான் இருப்பது புகார்ப் பிரிவில். கவுண்டருக்கு அந்தப் பக்கம் கால் கடுக்க நின்றிருப்பீர்களே, உங்களுக்கும் எனக்கும் வலி ஒன்றுதான்.

விளக்கு

எங்கள் ரோட்டுக்கு விளக்கு வேண்டும் என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் விடாமல் வந்துகொண்டிருந்தார். ஒருவழியாகக் கம்பம் நட்டு விளக்கும் போட்டோம். அடுத்த வாரமே அவர் மறுபடியும் வந்து நின்றார். விளக்கு எரியவில்லையா சார் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் எரியுது தம்பி. அது எரிஞ்ச பிறகுதான் ரோட்டுல இத்தனை குழி இருக்கிறதே தெரியுது."

ரவுண்டபோட்டில் மாடு

சாயங்காலம் ஆனால் ஒரு மாடு, நாலு ரோடும் சேர்கிற புது ரவுண்டபோட்டின் நடுவில் வந்து படுத்துக்கொள்ளும். நாலு பக்கமும் கார் நிற்கும். புகார் வந்ததும் நானும் கூட வேலை செய்யும் ஹாஷிமும் கயிறு, லோரியோடு போனோம். ஹாஷிம் இழுத்த இழுப்பில் கயிறுதான் அவன் கையை அறுத்தது, மாடு எழுந்திருக்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் மாட்டுக்காரர் மாரியாயி அக்கா வந்து சேர்ந்தார். பால் விற்றுப் பிழைக்கிறவர். லோரியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. சட்டப்படி மாட்டைப் பிடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஹாஷிம் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இந்த ஒரு தடவை விடுகிறோம், இனிமேல் கட்டிப் போடுங்கள் அக்கா என்றேன். அவர் ஒரு குரல் கொடுத்ததும் மாடு எழுந்து பின்னாலேயே நடந்தது. போகிற போக்கில் அவர் சொன்னது:

"இதோட கொட்டாய் இங்கதான் லா இருந்துச்சு. தோட்டத்தை வித்துட்டாங்கன்னு எங்களுக்கெல்லாம் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தீங்க, மாட்டுக்குக் கொடுத்தீங்களா?"

பின்கட்டு

பரமேஸ்வரி அக்காவின் சமையலறைக்குள் மழைக்கு மழை தண்ணீர் ஏறும். புகார் கொடுத்துக் கொடுத்து என் நம்பர் அவருக்கு மனப்பாடம். போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்க லோங்காங்கின் மேலேயே சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தார். அவர் வேறு யாருமில்லை, அக்காவின் கொழுந்தனார் வேலு. அக்காவின் கணவர் இறந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

உடைக்க ஆட்களோடு போன அன்று, புகார் கொடுத்த அக்காவே குறுக்கே வந்து நின்றுகொண்டார். "இப்ப வேணாம் தம்பி. அவரு பொண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம். சமையல் அங்கதான் நடக்கும். முடிஞ்ச பிறகு உடைங்க."

வேலு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. பிறகு எங்கள் ஆளின் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், லோங்காங்கை மூடியிருந்த தரையைத் தானே உடைக்க ஆரம்பித்தார். கல்யாணம் இருக்கிறதே அண்ணே என்று தடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அண்ணி வீட்டுல தண்ணி நிக்கிறப்ப என் வீட்டுல எப்படித் தம்பி பந்தி போடுறது?"

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: லோங்காங் அடைப்பை எடுக்கக் கழகத்தில் லோரி உண்டு, மற்ற அடைப்புகளை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் நன்றிக் கடிதம் என்னவோ எங்களுக்குத்தான் வருகிறது.