உயிருள்ள செடிக்கு ஆயிரத்து நானூறு வயது

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சல்லடையக்கா. கண்ணாடிக் குடுவை கழுவத்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில், ஏரிச் சேற்றைச் சலித்து அதில் ஒளிந்திருக்கும் இலைத் துணுக்கையும் விதையையும் பொறுக்கி எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்றாகிவிட்டது. "எல்லாரும் கையில பட்ட சேத்தைக் கழுவுவாங்க, இவ சேத்தையே கழுவுறா" என்று நாத்தனார் கேலி செய்வாள். "உங்க தம்பியைத் தேய்ச்சுக் கழுவினதுக்கு இது எவ்வளவோ சுலபம் அண்ணி" என்று அவளும் விடமாட்டாள்.

அந்த வருஷம் பேராசிரியர் ஓர் ஏரியின் அடியில் குழாயை இறக்கி, ஆறு மீட்டர் நீளத்துக்குச் சேற்றை எடுத்து வந்தார். உயிருள்ளவை எல்லாம் கார்பனைச் சேர்த்துக்கொள்கின்றன. செத்த பிறகு அதில் ஒரு வகை மட்டும் சீராகக் குறைந்துகொண்டே போகிறது. மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். ஏரி ஒரு காலத்தில் வறண்டுபோனதைக் காட்டும் அடுக்கிலிருந்து ஒரு சிட்டிகைச் சேற்றை வயது கணிக்கும் கூடத்துக்கு அனுப்பியதில் ஒன்பதாயிரம் வருஷம் என்று பதில் வந்தது. அந்தப் பக்கத்தில் அத்தனை பழைய வறட்சியை யாரும் சொன்னதில்லை. பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

சல்லடையக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இந்த ஏரிச் சேற்றைச் சலித்த சல்லடை காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு சொட்டு அமிலம் விட்டாள். நுரைத்தது.

"சார், இதுல சுண்ணாம்பு இருக்கு."

"அந்த ஏரியைச் சுத்தி எல்லாமே கருங்கல்லுதான் அக்கா. மேப்ல சுண்ணாம்புப் பாறையே கிடையாது."

"மேப்ல இல்லாம இருக்கலாம் சார். சல்லடையில இருக்கே."

அவர் சிரித்தார். அவள் நகரவில்லை. சுண்ணாம்புக்கல்லின் கார்பன் கணக்கில்லாத காலத்துப் பழசு. அது கரைந்த தண்ணீரில் வளரும் செடி, முளைக்கும்போதே கிழடாகத்தான் முளைக்கும். முன்பு வேறோர் ஏரியில் அவள் பார்த்த விஷயம் அது.

"இப்ப அந்த ஏரியில உயிரோட இருக்கிற நீர்ச்செடி ஒண்ணைப் பறிச்சு அனுப்புங்க சார். புதுசுன்னு பதில் வந்தா நான் வாயே திறக்கல."

நச்சரிப்பு தாங்காமல் அனுப்பினார். ஆறு வாரத்தில் பதில் வந்தது. போன மாதம் பச்சையாகப் பறித்த செடிக்கு வயது ஆயிரத்து நானூறு!

பேராசிரியர் அரை நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவள் மேஜைக்கு வந்து நின்றார். "கட்டுரையைத் தூக்கிப் போட்டுட்டேன் அக்கா. இப்ப என்ன பண்ணலாம்?"

"கரையில முளைச்சு, உதிர்ந்து சேத்துல புதைஞ்சது வேணும் சார். மரத்து இலை காத்துலேர்ந்துதான் கார்பனை எடுக்கும், ஏரித் தண்ணியிலேர்ந்து இல்ல."

நாலு மாதம் பொறுக்கினாள். மரத்துண்டு கிடைத்தாலும் ஒதுக்கினாள். கரையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்துவிட்டு அப்புறம் ஏரியில் விழுந்திருக்கலாம். மெல்லிய இலையும் விதையும் மட்டும்தான். காலை முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருந்தால் கடுகில் பாதி தேறும். பஞ்சும் காகிதமும் பக்கத்தில் வரக்கூடாது. இன்றைய நூலிழை ஒன்று ஒட்டினால் போதும், பழசு இளசாகிவிடும்.

மூன்றாம் மாதம், பொறுக்கியதைப் போட்டு வைத்திருந்த ஒரு குப்பியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. அவளே நேராகப் போய்ச் சொன்னாள்.

"பதினெட்டு நாள் வேலை போச்சு சார். காய வைக்காம தண்ணியிலயே விட்டுட்டேன். என் தப்பு."

"கழுவினா போயிடாதா?"

"போச்சா இல்லையான்னு எனக்கே தெரியாது. தெரியாததை எப்படி அனுப்புறது?"

பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்தே என்னவென்று கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் கேட்டபின் அவர் சொன்னது இவ்வளவுதான்: "திரும்பப் பொறுக்கு. உன்னால முடியலைன்னா வேற யாரால முடியும்?" அன்று பாத்திரங்களை அவரே துலக்கினார். மறுநாள் அவள் அந்தக் குப்பிக்கு முதலிலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

ஏழு குப்பிகள் போயின. ஏழு வயதுகள் வந்தன. ஆழம் கூடக் கூட வயதும் கூடியது, ஒன்றுகூட முன்பின் மாறவில்லை. வறட்சிக்கு வயது ஏழாயிரத்து ஐந்நூறு. ஏரிக்கடியில் ஓர் ஊற்று, தொலைவிலிருக்கும் சுண்ணாம்பு மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதைப் பிறகு கண்டுபிடித்தார்கள்.

புதுக் கட்டுரையில், எழுதியவர்கள் வரிசையில் பேராசிரியர் அவள் பெயரை மூன்றாவதாகப் போட்டார். "நான் பொறுக்க மட்டும்தானே செஞ்சேன் சார்?" என்று அவள் கூச்சப்பட்டாள்.

"நீங்க பொறுக்கலைன்னா நான் தப்பைத்தானே அச்சுல ஏத்தியிருப்பேன்?"

அவள், தன் பெயரில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு, கழுத்து வலிக்கு நாலு நாள் லீவு கேட்டாள். அவர் பத்து நாள் கொடுத்தார். வேறோர் ஏரியின் சேறு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆறாம் நாளே வந்துவிட்டாள்.